மெனுவை அடுக்கியது யார்?

லினக்ஸ் கணனியில் மெனுவைத் திறந்தால் அலுவலகம், இணையம், கல்வி, விளையாட்டு என்று வரிசையாக விரியும். அது தானாக வந்த ஒழுங்கு மாதிரித்தான் தெரியும். ஆனா அந்த அடுக்கை ஒன்றாக்க லினக்ஸ்காரர்களுக்கு ஏறத்தாழ இருபது வருடம் பிடித்தது.

1990களில் டெபியன் தனக்கென்று ஒரு மெனு முறையைக் கட்டியது. திரையில் ஜன்னல்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் அப்போது பல இருந்தன. ஒவ்வொன்றும் மெனுவைத் தன் பாணியில் எழுதியது. டெபியனின் ஃபைலில் பெயரை ஒருமுறை பதிந்தால் எல்லா மெனுவிலும் அது தானாக ஏறும். கெட்டித்தனமான யோசனைதான், ஆனா டெபியன் வீட்டுக்குள்ளே மட்டும். 1996இல் கேடிஈயும் 1997இல் க்னோமும் வந்து ஆளுக்கொரு மெனுவை வைத்துக்கொண்டன.

2000ஆம் ஆண்டு ரெட் ஹெட்டில் வேலை செய்த ஹாவொக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டொப் என்ற பொது மேடையைத் தொடங்கினார். யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, பேசித்தான் இணங்க வேண்டும். மென்பொருளின் பெயர், படம், கட்டளை, வகை எல்லாம் ஒரே மாதிரியான சின்ன ஃபைலில் இருக்கட்டும்; அதை எப்படி அடுக்குவது என்பதை அந்தந்த டெஸ்க்டொப் தீர்மானிக்கட்டும் என்று இணங்கினார்கள். 2004இல் கேடிஈ 3.2, 2005இல் க்னோம் 2.10 இதை ஏற்றன. டெபியன்தான் பிடிவாதம். 2015இல்தான், இந்தப் புது ஃபைல் உள்ள மென்பொருளுக்குப் பழைய மெனு ஃபைல் வேண்டாம் என்று அதன் தொழில்நுட்பக் குழு முடிவெடுத்தது.

சரி, இறக்காமத்தில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன?

அந்தச் சின்ன ஃபைலுக்குள் ஒரே பெயரை ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு வரியாக எழுதலாம். தமிழ் வரியை ஒருவர் ஒருமுறை எழுதினால் கேடிஈயிலும் தெரியும், க்னோமிலும் தெரியும். சம்பளமில்லாமல் இரவிரவாக மொழிபெயர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆரம்பத்தில் ஒரே ஃபைலில் ஒவ்வொரு மொழியும் தன் சொந்தக் குறியாக்கத்தில் இருக்கலாம் என்றும் விட்டிருந்தார்கள். தமிழ் அப்போது இருந்த நிலையை யோசித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் திஸ்கி, தமிழ்நாட்டு அரசின் டாப், டாம், எங்கட பக்கம் பாமினி. மறுகா யூடிஎஃப்-8 மட்டும்தான் என்று ஆனபோது அந்தக் குழப்பம் மெனுவுக்குள் நுழையாமல் போனது. பாமினியில் டைப் அடித்த கடிதத்தை வேறு கணனியில் திறந்து ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இன்னொரு விசயமும் இருக்கு. பொதுத் தமிழுக்கு ஒரு வரி போல, இலங்கைத் தமிழுக்கென்று தனி வரி எழுதவும் அந்த விதி இடம் தருகிறது. உங்கள் கணனியின் மொழி இலங்கைத் தமிழ் என்றால் முதலில் அந்த வரியைத் தேடும், இல்லாவிட்டால்தான் பொதுத் தமிழுக்குப் போகும். நாங்கள் 'கணனி' என்று எழுதிப் பழகியவர்கள்; மெனுவில் 'கணினி' என்றுதான் வருகிறது. பெரும்பாலான மென்பொருள்களில் எங்களுக்கான அந்த வரியை யாரும் எழுதவில்லை.

வகைகளும் அப்படித்தான். தலைமை வகைகளில் அலுவலகம் இருக்கு, விளையாட்டு இருக்கு, விவசாயம் இல்லை. குளமும் வயலுமாக இருக்கிற ஊரில் இது கண்ணில் படாமல் போகுமா? ஆனா பெயருக்கு முன்னால் 'எக்ஸ்' என்ற எழுத்தையும் ஒரு சிறு கோட்டையும் போட்டால் யாரும் புது வகை சேர்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.