யார் கையை யார் பிடிப்பது? போத்தனூர் வால்ட்ஸும் வள்ளி கும்மியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப் போறது நடனத்தைப் பத்தி. பரதநாட்டியமோ கரகாட்டமோ இல்லை. ஆணும் பெண்ணும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு, தோள்ல கை வெச்சு ஜோடியா ஆடுற பால்ரூம் டான்ஸ். "நம்ம கோயமுத்தூருக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு நீங்க கேட்பீங்க. உக்கடம், ஆத்துப்பாலம் தாண்டிப் போத்தனூர் வரைக்கும் வந்தா சம்பந்தம் தெரியும்.

ரயில் கொண்டு வந்த ஊர்

சென்னையில இருந்து மேற்குக் கடற்கரையில இருக்கிற பேப்பூர் வரைக்கும் ரயில் பாதை முழுசா இணைஞ்சது 1862-ல். அந்தப் பாதையில வந்த ஊர்தான் போத்தனூர். கோவை டவுனுக்கு ரயில் வந்ததே அதுக்கப்புறம், 1873-ல் போத்தனூர்ல இருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டப்போதான். ஊட்டிக்குப் போற துரைமார்களும் இந்த வழியாத்தான் போகணும். மெட்ராஸ் ரயில்வே கையில இருந்த பாதை, 1908-ல் சவுத் இந்தியன் ரயில்வே கைக்குப் போச்சு. 1956-ல் கோட்டத் தலைமையகம் ஒலவக்கோட்டுக்குப் போற வரைக்கும், போத்தனூர் ஒரு ரயில்வே கோட்டத்தோட தலைமையிடம்.

ரயில் இருந்த இடத்துல ரயில்வே காலனி இருந்தது. காலனியில ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தாங்க. 1857 கிளர்ச்சிக்கு அப்புறம் ரயிலையும் தந்தியையும் நம்பிக்கையானவங்க கையில வெச்சிருக்கணும்னு ஆங்கிலேய அரசு நினைச்சது. உயர்ந்த பதவிகளுக்கு இங்கிலாந்துல இருந்தே ஆள் வந்தாங்க. டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், தந்தி குமாஸ்தா மாதிரி நடுவில் இருந்த வேலைகள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு. தண்டவாளத்துல சம்மட்டி பிடிச்ச கேங்மேன் நம்மாளு. வேலையில இருந்த இந்த அடுக்கு, சாயங்காலம் ஆட்டத்துக்குப் போனாலும் கூடவே வந்தது.

இன்ஸ்டிட்யூட் ராத்திரிகள்

ஒவ்வொரு பெரிய ரயில்வே காலனியிலயும் 'இன்ஸ்டிட்யூட்'னு ஒரு கட்டடம் இருக்கும். பேரைப் பார்த்துப் பள்ளிக்கூடம்னு நினைச்சுடாதீங்க. அது ஊழியர்களோட பொழுதுபோக்குக் கூடம். பில்லியர்ட்ஸ் மேசை, படிக்கிற அறை, ஹவுசி ஆட்டம், நடுவுல மரப்பலகை போட்ட பெரிய ஹால். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர் வந்தா அந்த ஹால்ல டான்ஸ்.

போத்தனூர்ல பிறந்து வளர்ந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியம்மாவோட ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேசினேன். வயசு எண்பதைத் தாண்டியாச்சு. பேர் வேண்டாம்னுட்டாங்க. தமிழும் இங்கிலீஷும் கலந்து, நடுநடுவுல "என்ன மேன்"னு கூப்பிட்டுச் சொன்னாங்க: "டான்ஸ் அன்னைக்குச் சாயங்காலம் பசங்க வந்து தரையில பவுடர் தூவுவாங்க. ஷூ வழுக்கிட்டுப் போகணும் இல்ல? அதுக்கு. அம்மாங்க எல்லாரும் செவுத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குவாங்க. எந்தப் பையன் எந்தப் பொண்ணோட எத்தனை தடவை ஆடினான்னு அவங்க கணக்கு வெச்சிருப்பாங்க."

'பால் ஜோன்ஸ்'னு ஒரு ஆட்டம் உண்டு. பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம். பாட்டு நின்னதும் எதிர்ல யார் நிக்கிறாங்களோ அவங்களோடதான் ஆடணும். கூச்சப்படுற பசங்களுக்கு அது பெரிய உதவி. 'ஸ்பாட் டான்ஸ்'ல, முன்னாடியே முடிவு பண்ணி வெச்ச இடத்துல பாட்டு நிக்கும்போது யார் கால் இருக்கோ, அந்த ஜோடிக்குப் பரிசு.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் கடற்படை கோவையில ஒரு விமானப் பழுதுபார்ப்பு நிலையம் வெச்சிருந்தது. கடலே இல்லாத நம்ம ஊர்ல கப்பல் பேர் மாதிரி 'எச்.எம்.எஸ். கருடா'ன்னு பேர். "அந்த நேவிக்காரங்க ஆட வந்தப்போ பொண்ணுங்க பத்தலையாம், எங்கம்மா சொல்லிச் சிரிப்பாங்க"ன்னாங்க பெரியம்மா.

மூணு மூணா எண்ணுற கால்

கொஞ்சம் தாளக் கணக்கு பார்த்துடலாம். வால்ட்ஸ்ங்கிறது மூணு எண்ணிக்கை. முதல் அடி அழுத்தம், அடுத்த ரெண்டு அடி லேசு. நம்ம சொல்கட்டுல சொன்னா, தகிட, தகிட. ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப் எல்லாம் நாலு, அதாவது தகதிமி.

நம்ம கும்மிப் பாட்டு பெரும்பாலும் எந்த நடை? மும்மை நடை. அதுவும் மூணு மூணா எண்ணுறதுதான். போத்தனூர் மரத்தரையில ஷூ போட்டு வழுக்கின காலும், பக்கத்துக் கிராமத்துக் கோயில் வாசல்ல வெறுங்காலோட புழுதி கிளப்பின காலும் மூணு மூணாத்தான் எண்ணிட்டு இருந்தது. ஆனா ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோட ஆட்டத்துக்குள்ள போக முடியாது. ஏன்னா ரெண்டு பக்கமும் வாசல்ல காவல் இருந்தது.

வாசல் காவல்

ஆங்கிலோ இந்தியர்ங்கிற சமூகம் உருவானதே கலப்புத் திருமணத்துலதான். ஆனாலும் பெரும்பாலான வெள்ளைக்காரக் கிளப்புகள் அவங்களை உள்ளே விடலை. அவங்களும் தங்களோட டான்ஸ் ஹாலுக்குள்ள இந்தியர்களைச் சாதாரணமா விடலை.

இதுக்குச் சட்டத்துலயும் ஒரு முடிச்சு உண்டு. 1935 சட்டத்திலும், பிறகு நம்ம அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவிலும் ஆங்கிலோ இந்தியர் யார்னு வரையறுத்திருக்காங்க. தகப்பன் வழியில ஐரோப்பிய வம்சம் இருக்கணும். தாய் வழி கணக்கில்லை. அதனால மகன் தமிழ்ப் பெண்ணைக் கட்டினா அவனோட பிள்ளைங்க ஆங்கிலோ இந்தியர். மகள் தமிழ்ப் பையனைக் கட்டினா இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்த அம்மாக்கள் மகன்களை விட மகள்களை ஏன் கண்கொத்திப் பாம்பா பார்த்தாங்கன்னு இப்போ புரியுதுங்களா?

பெரியம்மாவோட அக்காவுக்கு அதுதான் நடந்தது. எந்த ஊர் ஹால்னு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அக்கா கூட வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் புத்தாண்டு டான்ஸுக்கு வந்திருக்கார். கோட்டு, டை எல்லாம் கட்டிட்டுத்தான் வந்தார். வராந்தாவோட நிறுத்திட்டாங்க. அக்கா உள்ளே யாரோடவும் ஆடாம, ஜன்னல் பக்கமே நின்னிருந்தாங்களாம். அப்புறம் ரெண்டு பேரும் பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு வீட்டுலயும் பேச்சு வார்த்தை நின்னுபோச்சு. "என் அக்காதான் எங்க வீட்டுலயே நல்லா வால்ட்ஸ் ஆடுவா. அதுக்கப்புறம் ஒரு டான்ஸுக்கும் வரல"ன்னாங்க.

காலியான ஹால், கெட்டுப்போன பேர்

சுதந்திரத்துக்கு அப்புறம் ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகள்ல ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த இட ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு பத்து வருஷத்துக்குள்ள படிப்படியா குறைச்சு நிறுத்தியது. பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும், பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பிட்டாங்க. ஹால்கள்ல கூட்டம் குறைஞ்சது.

அதே காலத்துல நம்ம சினிமா ஜோடி நடனத்துக்கு வேற ஒரு அர்த்தம் கொடுத்துடுச்சு. 1964-ல் வந்த 'புதிய பறவை'யை எடுத்துக்குங்க. சௌகார் ஜானகி நடிச்ச சித்ரா, கிளப்புல பாடுற பெண். குடும்பத்துக்கு ஆகாதவள்னு படம் அவளைக் காட்டுது. கிளப், டான்ஸ், கவுன், கிளாஸ் எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்தா அந்தப் பெண் கெட்டவள்ங்கிறது பல படங்கள்ல எழுதாத விதி. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற ஒரு சமூகத்தோட, அம்மா அப்பா கண்ணு முன்னாடி நடந்த ஆட்டம் இப்படித் திரையில தப்பான ஆட்டமா மாறிப்போச்சு.

டிவிப் பெட்டிக்குள் வந்த ஜோடி

பால்ரூம் போட்டியை டிவியில காட்டுறது இங்கிலாந்துல பழைய வழக்கம். பிபிசியோட 'கம் டான்சிங்' 1950-லயே தொடங்கிடுச்சு. 2004-ல் அதைப் புதுப்பிச்சு, பிரபலங்களைத் தொழில்முறை ஆட்டக்காரங்களோட ஜோடி சேர்த்து 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்'னு கொண்டு வந்தாங்க. அதோட இந்திய வடிவம் 2006-ல் சோனியில வந்த 'ஜலக் திக்லாஜா'. அதே வருஷம் விஜய் டிவியில 'ஜோடி நம்பர் ஒன்'. அடுத்த வருஷம் கலைஞர் டிவியில 'மானாட மயிலாட'. நமீதா, குஷ்பு, கலா மாஸ்டர் எல்லாம் நடுவர் நாற்காலியில. கலா மாஸ்டரோட "கிழி கிழி"யைச் சொல்லாத பசங்க அப்போ எங்க தெருவுல கிடையாது.

எங்க வீட்டுல அமுச்சிதான் முதல் ரசிகை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு டிவிக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துக்குவாங்க. ஒவ்வொரு ஜோடி வரும்போதும் ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, இவுங்க புருஷன் பொண்டாட்டியா?" இல்லைன்னு சொன்னா, "அப்பறம் எதுக்கு கையப் புடிச்சுட்டு நிக்கறாங்கோ?" ஆனா எழுந்து மட்டும் போக மாட்டாங்க. மூணாவது வாரத்துல இருந்து, "அந்தப் புள்ளைக்கு மார்க்கு கொறைச்சுப் போட்டுட்டாங்கோ"ன்னு நடுவர்களோட சண்டை. ஆடுறது யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு அமுச்சி எல்லாரையும் கேட்பாங்க. டிவிக்காரங்களை மட்டும் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

போத்தனூர்ப் பெரியம்மாவும் இந்த நிகழ்ச்சிகளை விடாம பார்த்திருக்காங்க. அவங்க பார்க்கிறது வேற மாதிரி. "தூக்கிச் சுத்துறது, குட்டிக்கரணம் போடுறது எல்லாம் டான்ஸ் இல்ல மேன். அந்தப் பையன் பொண்ணோட முதுகுல வெச்சிருக்கிற கையைப் பாரு. இழுக்கிறானா, கூட்டிட்டுப் போறானா? அதைப் பார்த்துத்தான் மார்க் போடணும்."

வராந்தாவுல நிறுத்தின விஷயத்தை இந்த நிகழ்ச்சிகள் சத்தமில்லாம தாண்டிடுச்சு. யாரும் யாரோடவும் ஜோடியா ஆடலாம், குடும்பமே உட்கார்ந்து பார்க்கலாம்னு ஆச்சு. ஆனா ஒரு நிபந்தனையோட. அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கணும். நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம தெரு, நம்ம மண்டபம்னா கதையே வேற.

வள்ளி யாரைக் கட்டினாள்?

இப்போ நம்ம மண்ணோட ஆட்டத்துக்கு வருவோம். வள்ளி கும்மி. வள்ளி முருகன் கல்யாணக் கதையைப் பாட்டாப் பாடி, வட்டமா நின்னு, கைதட்டி அடி வெச்சு ஆடுறது. ரொம்ப காலம் ஆண்கள் மட்டும்தான் ஆடினாங்க. அதைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் கோவை மாவட்டத்து ஆசிரியர் பத்திரப்பன். 87 வயசுல, 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. இன்னைக்குக் கொங்கு முழுக்க அரங்கேற்றங்கள் நடக்குது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில ஒரே நேரத்துல ஆடுறாங்க. வீட்டு வேலை, தோட்ட வேலை முடிச்சுட்டுச் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, முதல் தடவையா ஊர் முன்னாடி ஆடுற அம்மாக்களை நான் பார்த்திருக்கேன். அவங்க முகத்துல இருக்கிற சந்தோஷத்தை யாரும் குறைச்சுச் சொல்ல முடியாது.

ஆனா இந்த மேடைகள்ல ஒண்ணுல, சொந்தச் சாதிக்குள்ளதான் கல்யாணம் பண்ணிக்குவோம்னு பெண்களை உறுதிமொழி எடுக்க வெச்ச காணொளி வெளியாகிப் பெரிய விவாதமாச்சு. இதே கொங்கு மண்ணுலதான், 2015 ஜூன்ல, திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோட போய்ப் பேசிட்டு இருந்த கோகுல்ராஜ்ங்கிற தலித் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்ல மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆணும் பெண்ணும் சரிபாதியா நிக்கிற சாமியோட கோயில் அது.

வள்ளி யாருங்க? தினைப்புனம் காத்த குறவர் மகள். அண்ணன்மார் காவல் இருந்தும், தனக்குப் பிடிச்சவனைத் தானே கட்டிக்கிட்டவள். அந்தக் கதையைப் பாடி ஆடிட்டே, சாதி விட்டுக் கட்ட மாட்டோம்னு சத்தியம் பண்ணச் சொன்னா, அந்தப் பாட்டை யாரும் காதுல வாங்கலைன்னுதான் அர்த்தம்.

கலப்புல பிறந்த சமூகம், கலப்பைத் தடுக்க வராந்தாவுல ஆள் நிறுத்தியது. காதல் கல்யாணத்தைப் பாடுற ஆட்டம், காதல் கல்யாணத்துக்கு எதிரா சத்தியம் வாங்குற மேடையாச்சு. ரெண்டு இடத்துலயும் காவல் இருந்தது பெண்ணோட கல்யாணத்துக்குத்தான். கலையை மீட்டெடுக்கிறோம்னு சொல்றப்போ, அதோட வாசல்ல நிக்கிற காவலையும் சேர்த்து மீட்டெடுக்க வேண்டியதில்லைங்க. பாட்டும் அடியும் போதும்.

உங்க வீட்டுல யாராவது ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் பார்த்திருந்தா, ஆடியிருந்தா, இல்லை ஜன்னலுக்கு வெளியே நின்னு பார்த்திருந்தாக்கூட, அவங்க சொல்றதைப் பதிவு பண்ணி வைங்க. அந்தத் தலைமுறை வேகமா குறைஞ்சுட்டு வருது. வள்ளி கும்மி ஆடுறவங்களும் உங்க அனுபவத்தை எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம். போயிட்டு வரேங்க.