சும்மா வந்தவள்

1908 டிசம்பர் 3. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் நியூபெரி என்ற ஊர். அங்குள்ள மொல்லொஹான் நூற்பாலைக்குள் ரிங் பிரேம் முன்னால் நிற்கும் ஒரு சிறுமியை லூயிஸ் ஹைன் படம் எடுக்கிறார். பல வருடம் வேலை பார்த்தவளைப்போல அவள் தன்னுடைய 'சைடு'களைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று படத்துக்கான குறிப்பில் எழுதுகிறார். (நம்மூர் மில்களிலும் ரிங் பிரேம் பார்க்கிறவர்களுக்குச் 'சைடர்' என்றுதான் பெயர். தொழிலோடு சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது.) படம் எடுத்து முடித்ததும் மேற்பார்வையாளர் வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், இந்தப் பெண் சும்மா இந்தப் பக்கம் வந்தவள் என்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே சொல்கிறார். இந்த ஆலைகள் பூராவும் சும்மா வந்தவர்களும் அக்காவுக்கு ஒத்தாசைக்கு வந்தவர்களும்தான் இருக்கிறார்கள் போலும் என்று ஹைன் அந்தக் குறிப்பை முடிக்கிறார்.

வேலை செய்கிற பெண்ணைப் பார்த்து அவள் சும்மா இருக்கிறாள் என்று சொல்வது நமக்குப் புதிதில்லை. வீட்டுக்குள் அதைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். நியூபெரியில் சிக்கலாகிவிட்டது, ஏனென்றால் ஒருவர் அதற்குள் படம் எடுத்துவிட்டார்.

ஹைன் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1904இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு 1908இல் அவரைப் புகைப்படக்காரராக வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. ஆலை என்பது தனியார் சொத்து. உரிமையாளர் போ என்றால் போக வேண்டும், மறுத்து நின்றால் அத்துமீறல். ஆகவே ஹைன் வேடம் போட்டார். பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி, தீயணைப்பு ஆய்வாளர், இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர் என்று ஊருக்கொரு வேடம். குழந்தைகளின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்துகொள்வார். எந்தப் பொத்தான் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதிக்கொள்வார். லான்காஸ்டர் ஆலையில் ஒரு சிறுமியின் உயரம் 48 அங்குலம் என்று பதிந்திருக்கிறார். நாலடி. உள்ளே விடாத ஊர்களில் ஷிப்டு மாறும் நேரத்தில் வாசலுக்கு வெளியே காத்திருந்தார். அதுவும் எளிதில்லை. தெற்கத்தி மில் ஊர்களில் பலவற்றில் வீடும் தெருவும் கடையும் கம்பெனிக்கே சொந்தம். பொதுத்தெரு எங்கே தொடங்குகிறது என்று தேடித்தான் கேமராவை நிறுத்த வேண்டும்.

இந்தப் பொய்யும் வேடமும் இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை. இன்று காங்கிரஸ் நூலகத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1916இல் வந்த முதல் மத்தியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் ரத்து செய்தது. 1938 வரை இழுபறிதான். சொத்துரிமைக்காரர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2014இல் ஐடஹோ மாநிலம், பண்ணைகளுக்குள் பொய் சொல்லி நுழைவதையும் உரிமையாளர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பதையும் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அதன் முக்கியமான பகுதிகளைச் செல்லாது என்றது. நூறு வருடம் கழித்தும் தகராறு அதே வாசலில்தான்.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும், வர வேண்டும். துணிக்கடையின் உடைமாற்றும் அறையிலும் விடுதி அறையிலும் ஒளித்துவைத்த கேமராவுக்குப் பயப்படுகிறவர்கள் நாம். கேமராவை வெளியே நிறுத்தும் சட்டம் நமக்கு நல்லதுதானே? இதற்குப் பதில் ஹைனின் காலத்திலேயே நடந்த இன்னொரு வழக்கில் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண் இருந்தார். பிராங்க்ளின் மில்ஸ் என்ற மாவுக் கம்பெனியின் விளம்பரத்தில் ஒருநாள் அவருடைய முகம் வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. சுமார் 25,000 தாள்கள் அச்சாகிக் கடைகளிலும் கிடங்குகளிலும் மதுக்கடைகளிலும் தொங்கின. தெரிந்தவர்கள் கேலி பேசினார்கள். அவர் நோயில் விழுந்தார், வழக்குப் போட்டார், 15,000 டாலர் நஷ்டஈடு கேட்டார். 1902இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர் எழுதிய தீர்ப்பு அது. அந்தரங்க உரிமை என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை, ஒத்துக்கொண்டால் வழக்குகள் பெருகிவிடும் என்பது வாதம். இப்படிப் படம் வருவது சிலருக்குப் பிடிக்கவும் செய்யும், இவருக்குப் பிடிக்கவில்லை என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. அழகாயிருக்கிறாய் என்றுதானே போட்டிருக்கிறார்கள், இதற்கா கோபம் என்று பஸ் ஸ்டாப்பில் கேட்கிற அதே கேள்விக்குச் சட்டக்கோட்டு மாட்டிவிட்டது போல இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலைக்குள் ஒருவர் கேமராவோடு நுழைந்தால் அத்துமீறல். ஒரு பெண்ணின் முகம் 25,000 தடவை மதுக்கடைக்குள் நுழைந்தால் அத்துமீறல் இல்லை. சுவருக்கு இருந்த உரிமை முகத்துக்கு இல்லை. படம் எடுக்கத் தடை என்ற பலகையை நாம் படிக்கும்போது தடுப்பது யார் என்று அது சொல்வதில்லை. எழுவாயை விழுங்கிய வாக்கியம் அது. விழுங்கப்பட்டவர் முதலாளி. உள்ளே இருக்கும் பெண்ணின் சம்மதம் அந்தப் பலகையின் எந்தச் சொல்லிலும் கிடையாது. அவரே நாளைக்கு அவளை விளம்பரத்துக்கு நிறுத்தினால் பலகை குறுக்கே வராது.

தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பில் 1903இல் நியூயார்க் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எழுத்துமூலம் சம்மதம் பெறாமல் ஒருவருடைய பெயரையோ படத்தையோ வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ராபர்சன் தோற்ற வழக்கு மற்றவர்களுக்கு ஜெயித்துக் கொடுத்தது. அடுத்த வருடம் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துச் சிரித்துக்கொள்வேன். 1904இல் அதே பார்க்கர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் துரத்துகிறார்கள், தன்னையும் குடும்பத்தையும் படமெடுக்கக் கூடாது என்று சலித்துக்கொள்கிறார். ராபர்சன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நீங்கள் கேட்கும் உரிமை இந்த மாநிலத்தில் கிடையாது, அதற்குச் சான்று நீங்கள் எழுதிய தீர்ப்பே என்பது அதன் சாரம். தேர்தலில் பார்க்கர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார்.

இந்தியாவில் சம்மதமில்லாமல் ஒருவருடைய பெயரையும் உருவையும் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 1994இல், தமிழ்நாட்டிலிருந்து போன நக்கீரன் இதழின் வழக்கில். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றிய வழக்கு அது. பெண்ணின் அந்தரங்கமான நிலையைப் படமெடுப்பது தனிக்குற்றமாக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்தது ஒரு விளக்கம்: எடுக்கச் சம்மதித்தவள் பரப்பவும் சம்மதித்தவள் ஆகமாட்டாள். சுவரைப் பற்றி அதில் பேச்சில்லை, அவளைப் பற்றித்தான்.

ஆனால் சுவர் விட்டுவிடவில்லை. நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் தமிழ்நாட்டு நூற்பாலைகளைப் பற்றி 2011லும் 2014லும் அறிக்கைகள் வெளியிட்டன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் விடுதியோடு வேலைக்குச் சேர்க்கப்பட்ட பெண்கள், தனியாக வெளியே போய்வர விடுவதில்லை, செல்பேசி வைத்துக்கொள்ள விடுவதில்லை என்று சொன்னவை அவற்றில் இருக்கின்றன. பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தான் என்பது நாம் கேட்டுப் பழகிய விளக்கம். செல்பேசி இல்லாத பெண் ஊருக்குப் பேச முடியாது என்பது ஒரு பக்கம். இயந்திரத்தில் சிக்கிய விரலை, விடுதிச் சோற்றை, சம்பளச் சீட்டை அவளால் படமெடுக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். ஹைன் வேடம் போட்டு உள்ளே கொண்டுபோன கருவி இன்று அவள் கையிலேயே இருக்கக்கூடியது. வாசலில் வாங்கி வைக்கப்படுவது அதுதான்.

ஹைன் மீதும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு பவ்னல் ஆலையில் வெறுங்காலோடு இயந்திரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு சிறுமியை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. உடன் வேலை செய்த பெண்கள் அவளுக்குப் பத்து வயது என்றார்கள். அவள் தனக்குப் பன்னிரண்டு என்றாள். ஹைன் பெயர் கேட்டார், வயது கேட்டார், எழுதிக்கொண்டார். மாவுக் கம்பெனி அதைக்கூடச் செய்யவில்லை. என்றாலும் படம் அவளை விட்டுவிட்டுத் தனியே நடந்தது. 'சோகை பிடித்த சின்ன நூற்பாளி' என்ற தலைப்போடு சுற்றியது. குடும்பப் பெயர் லெயர்டு என்று தவறாக வழங்கியது. அந்தப் படத்தை வைத்து நாவல் எழுதிய எலிசபெத் வின்த்ராப் 1910 மக்கள்தொகைக் கணக்கேட்டைத் தேடி, பாட்டியின் வீட்டில் அக்காவோடு இருந்த ஆடி கார்டு என்ற சரியான பெயரைக் கண்டுபிடித்தார். ஆடி கார்டு சோகையில் சாகவில்லை. 94 வயது வரை வாழ்ந்து 1993இல் இறந்தார். 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் படத்தை 32 சென்ட் தபால் தலையாக வெளியிட்டது.