பாலசுந்தரமும் அவரது வக்கீலும்

கடல் கடந்து பிழைக்கச் செல்லும் ஏழைக்கு முதலில் வேண்டுவது வேலை. அடுத்து வேண்டுவது, அல்லல் நேரும்போது தன் பொருட்டுப் பேசவல்ல ஒருவர். அலைகடல் சூழ்ந்த ஹேவ்லாக்கில் குடியேறி வாழும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறு இருபது ஆண்டுகள் எளியோர்க்காகப் பேசிய வழக்கறிஞர் காந்தியடிகள். தலைவராக அவரை உலகம் அறியும். வக்கீலாக அவரை அறிந்தோர் சிலரே.

சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற 'டிரூரோ' என்னும் கப்பல், 1860 நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் தோட்டங்களுக்கு நம்மவர் சென்ற முதற்பயணம் அதுவே. 1893-இல், தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்கில் உதவும் பொருட்டுக் காந்தியடிகள் அங்குச் சென்றார். எதிர்க்கட்சிக்காரர் தையப் சேட்டு, அவர்களுக்கு நெருங்கிய உறவினர். வழக்கின் தொகை 40,000 பவுன். தம் கட்சி வலுவுடையது என்று கண்டும், வழக்கு நீண்டால் இரு குடும்பங்களும் அழியும் என்பதை உணர்ந்து, அவர் பஞ்சாயத்துக்கு இருவரையும் இணங்கச் செய்தார். தீர்ப்பு தம் பக்கம் வந்த பின்னரும், தோற்றவர் 37,000 பவுனையும் செலவையும் தவணையாகச் செலுத்த இடம் பெற்றுத் தந்தார். பிளவுற்றோரைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் கடமை என்பதை அவர் அன்று கற்றார்.

1894-இல் டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், பாலசுந்தரம் என்னும் தமிழர் அவர்முன் வந்து நின்றார். கந்தலாடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி, தலைப்பாகையோ கையில்! எசமானன் அடித்த செய்தியைத் தமிழரான குமாஸ்தாவின் வாயிலாகக் காந்தியடிகள் அறிந்தார். உடனே வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயச் சான்று பெற்றார். அதனோடு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்றார். எசமானனுக்குச் சம்மன் பிறந்தது.

ஆனால் எசமானன் தண்டிக்கப்பட்டுவிட்டால் பாலசுந்தரத்தின் துயர் தீருமா? ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு விலகினால் அது குற்றம், சிறையே கதி. தண்டனை பெற்ற எசமானனிடமே அவர் மீண்டும் செல்ல நேர்ந்தால் என்னாகும்? ஆகவே சட்டத்தைப் புரட்டி வழி கண்டார் காந்தியடிகள். எசமானனை நேரில் கண்டு, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித்தர இசைவித்தார். கூலிகளின் பாதுகாப்பாளராகிய அதிகாரியின் சம்மதம் பெற்றார். புதிய எசமானன் ஒருவரையும் தாமே தேடித் தந்தார். வென்றோம் என்னும் பெயரைவிடக் கட்சிக்காரரின் விடுதலையே அவருக்குப் பெரிதாயிற்று.

வெள்ளையர்முன் தலைப்பாகையைக் கழற்றி நிற்பது அங்குக் கூலிகளுக்கு விதிக்கப்பட்ட வழக்கம். தம்மிடமும் அவ்வாறு நின்றவரை, "தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்" என்றார் காந்தியடிகள். தயங்கியே கட்டினார் பாலசுந்தரம். ஆயினும் அவர் முகம் மலர்ந்தது. இவ்வழக்கின் செய்தி சென்னை வரை எட்டியது. ஒப்பந்தக் கூலிகள் ஒவ்வொருவராக அவரை நாடி வரலாயினர். அவர்கள்மீது 1895-இல் சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரி, அவர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாய் 1914-இல் ஒழிந்தது.

அவரை வக்கீலாக்கிய இலண்டனின் இன்னர் டெம்பிள் மன்றம், 1922-இல் அவர் சிறைப்பட்டபோது அவர் பெயரை நீக்கியது. 1988-இல் மீண்டும் சேர்த்தது. ஏழைகளின் ஏட்டிலிருந்து அப்பெயரை எவரால் நீக்கவியலும்?

இரயில்வே அலுவலகத்தில் தாள்களோடு பழகும் எளியேன் கண்டது ஒன்றுண்டு. மனுவில் ஒரு வரி பிழைபட்டதால் ஒரு குடும்பமே பல மாதங்கள் அலைவதுண்டு. படிக்கத் தெரியாத அண்டைவீட்டார் ஓர் ஓலையோடு நம் வாசலில் வந்து நின்றால், முதலில் அவரை அமரச் செய்வோம். பின்னர் அதைப் பொறுமையாய்ப் படித்துச் சொல்வோம். அதற்குச் சட்டப் படிப்பு வேண்டுவதில்லை; மனம் ஒன்றே வேண்டும்.