அங்க கைவினை, இங்க குலத்தொழில்

மார்கழி பிறந்தால் யூடியூப்பில ஒரு வகை வீடியோ கூடும். லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் இருக்கிற ஆக்கள் கிறிஸ்மசுக்கெண்டு வீட்டுக் குசினியிலயே பியர் காய்ச்சுவினம். கறுத்த, கடுமையான பியர். உள்ள கறுவா, கராம்பு, இஞ்சி. அந்தக் கறுவா எங்கட தீவின்ர சரக்கு. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்ச ஒல்லாந்தருக்கு இலங்கையில இருந்த பெரிய ஆசையே அந்தப் பட்டைதான்.

அப்ப தமிழர் வீட்டில குடிவகை செய்யேல்லையா? செய்தவை. பெரும்பாணாற்றுப்படை அதின்ர செய்முறையையே சொல்லுது: அரிசியைக் களியாகக் காய்ச்சி ஆறவைத்து, முளைவிட்ட தானியத்தை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு வைத்துச் சாடியில் பக்குவப்படுத்தி வடிப்பது. பியரின் அடிப்படையும் இதேதான். நெடுநல்வாடையில் வாடைக்குளிரில் கள்ளைக் குடித்துவிட்டுத் தூறலையும் பாராமல் தெருவில் திரிகிற ஆக்களும் வருகினம்.

யாழ்ப்பாணத்தில் அரிசிக்கு வேலையில்லை, மரமே அதைச் செய்யும். சீவின பாளையில் வடியும் இனிப்பு நீர், காற்றில் உள்ள ஈஸ்ட் பட்டு முட்டிக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதியாது. அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பனங்கள்ளு தை, மாசிக்குப் பிறகுதான். மாரியில், கிறிஸ்மஸ் காலத்தில் கிடைப்பது தென்னங்கள்ளு. தென்னை நிறைஞ்ச கொடிகாமம் பக்கம் இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

இங்கதான் வரலாறு இரண்டாகப் பிரியுது. இங்கிலாந்தில் வீட்டில் பியர் காய்ச்ச 1880இலிருந்து அனுமதிப்பத்திரம் வேணும். 1963இல் அதை எடுத்துவிட்டினம். அமெரிக்காவில் 1978இல் சட்டம் மாறிச்சு. பிறகு அது பொழுதுபோக்கு, 'கைவினை', போத்தலில் காய்ச்சினவரின் பெயர். இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் கள்ளிறக்குவதை அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்தில் மரத்துக்கு வரி கட்டிச் சீவும் மரவரி முறை இருந்தது. 1970களில் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் தவறணைகளும் வந்தன. மரமேறுற மனிசனுக்கு வருமானம் ஓரளவு நிலைச்சது. மரியாதை?

சாதி அதை விடேல்லை. அவர் இறக்கின கள்ளை ஊரே குடிச்சுது. அவருக்கு மட்டும் தேநீர்க்கடையில வேற பேணி, கோயில் வாசல் பூட்டு. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. கள்ளில தீட்டில்லை, கையில தீட்டாம்! யோசிச்சுப் பாருங்கோ.

பிறகு போர். பனைகள் பதுங்குகுழிக்குத் தறிபட்டன. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சிச் சனம் இடம்பெயர்ந்தது.

இப்ப கள்ளை 'எங்கட பாரம்பரியப் பானம்' எண்டு கொண்டாடத் தொடங்கியிருக்கிறம். நல்லது. ஆனா ஒரே திறமை, பியர் காய்ச்சிறவனுக்குக் கைவினை, கள்ளுச் சீவுறவருக்குக் குலத்தொழில் எண்டு ஏன் ஆச்சு? தளநார் போட்டு ஏறி, எந்தப் பாளையை எப்ப, எவ்வளவு சீவ வேணும் எண்டு அறியிறது வருசக்கணக்காப் பழகின அறிவு. தவறினால் உயிர் போகும். சீவல் தொழிலாளர்களின் பிள்ளைகள் அந்த வேலை வேண்டாமெண்டு படிக்கப் போகினம், அவையளில பிழையில்லை. ஒழுங்கான கூலி, விபத்துக் காப்புறுதி, சாதிப்பேர் சொல்லாத மரியாதை – இந்த மூண்டும் வந்தால்தான், விருப்பப்பட்ட எவரும் பழகக்கூடிய தொழிலாக அது மிஞ்சும். அதுவரைக்கும் 'பாரம்பரியம்' எண்ட சொல்லைக் கொஞ்சம் கவனமாப் பாவிப்பம்.