தேயாத காசு

நெம்மேலியில் பாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கிடந்தது அந்தச் செப்புக்காசு. கடல் உப்புக்காற்றில் கறுத்திருந்தது. பத்து வயதில் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன், பாட்டியும் பாராட்டினாள். பல வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர், "கழுவிட்டீங்களே தம்பி" என்றார்.

1808ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இருபது காசு அது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்ற சென்னைக் கணக்கில் இது கால் பணம். நாணயத்தில் மேடான இடம்தான் முதலில் தேயும். கம்பெனி முத்திரையைத் தாங்கும் சிங்கங்களுக்குப் பிடரி போயிருந்தது. பின்பக்கப் பாரசீக எழுத்து மங்கியிருந்தது. 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் பழைய செப்பு சென்ட்டுகளைத் தரம் பிரிக்க 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பல இடங்களில் அதுதான். "இது பத்து, பன்னெண்டு தேறியிருக்கும். கழுவின காசுக்கு நம்பரே தரமாட்டாங்க."

பிறகு அதே வருஷத்து இன்னொரு காசை எடுத்துவைத்தார். சிங்கத்தின் பிடரியில் மயிர்க்கோடுகள்கூடத் தெரிந்தன. "இது மட்டும் எப்படிங்க?" என்றேன். "இது மெட்ராஸுக்கு வரவே இல்லையே!"

இரண்டும் இங்கிலாந்தில், மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி எந்திரத்தில் அடிக்கப்பட்டவை. 1809 ஜனவரியில் இப்படிப்பட்ட காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், புயலில் சிக்கி இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அள்ளி வந்தார்கள். மணலுக்கடியில் உப்புநீர் அரிக்காமல் தப்பியவை புதுக்கருக்கோடு இருந்தன.

ஒரு கைக்கும் போகாத காசுக்குத்தான் உயர்ந்த தரம். வியாபாரத்தில் அது நியாயம்தான். ஆனால் உப்பும் மீனும் வாங்கப்பட்டது என் காசில்தான் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே வெளியே வந்தேன். பேருந்தில்தான் உறைத்தது. சிங்கத்தின் பிடரியைத் தேய்த்தது யார் யாரோ, எத்தனை வருஷமோ. அதன் மேல் படிந்திருந்த பழுப்பைத் தேய்த்தது நான், ஒரே மத்தியானத்தில். லென்ஸ் வழியாக அவருக்கு முதலில் தெரிந்தது அந்த மத்தியானம்தான்.

இப்போது அதைக் காகித உறையில் வைத்திருக்கிறேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்கிறேன். மெதுவாக மறுபடி கறுத்துவருகிறது.