குருதி வடித்த கை

கையையோ காலையோ அறுத்துச் சிகிச்சை செய்யப் புகும் வைத்தியருக்குக் குருதியே முதற் பகை. அது பெருகி உயிருக்கு ஊறு செய்வது ஒருபுறமிருக்க, வெட்டுமிடத்தை மூடிக் கண்ணையும் மறைத்துவிடும். நரம்பு எது, தசை எது என்று தெரியாதவிடத்துக் கத்தி என் செய்யும்?

பிரான்ஸ் தேசத்து வைத்தியரான பெத்தி என்பவர், 1718ஆம் ஆண்டளவில், திருகாணியால் இறுக்கும் கட்டு ஒன்றை அமைத்தார். அது மேலிருந்து பாயும் குருதியைத் தடுத்தது. ஆயினும், காலில் முன்னரே நிறைந்திருந்த குருதிக்கு வழி என்ன? காலைத் துணிக்க நேர்ந்தால் அதுவும் காலோடு போயிற்று.

கிளாஸ்கோ நகரில் 1860களிற் பணியாற்றிய லிஸ்டர் கண்ட வழி மிக எளிது. கையைச் சில நிமிடங்கள் உயர்த்திப் பிடித்தார்; பின்னரே கட்டை இறுக்கினார். மேட்டு நீர் பள்ளத்துக்கு இறங்குவதுபோலக் குருதி உடலை நோக்கி வடிந்தது. உயர்த்திய கையிற் குருதிக் குழாய்கள் தாமே சுருங்குவதையும் அவர் கண்டறிந்தார்.

போர்க்களங்களிற் சிகிச்சை செய்து பழகிய எஸ்மார்க் என்பவர், ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து 1873இல் வேறொரு முறையை வெளியிட்டார். விரல் நுனியிலிருந்து மேனோக்கி இறப்பர்ப் பட்டியை இறுகச் சுற்றி, அதன் மேலெல்லையில் இறப்பர்க் குழாயாற் கட்டி, பின்னர் பட்டியை அவிழ்த்தார். கை மெழுகுபோல் வெளுத்திருந்தது. வெட்டினாலும் குருதி சிந்தவில்லை.

நன்மையோடு தீமையும் வந்தது. இறப்பர்க் குழாயின் அழுத்தத்தை அளக்க வழியில்லை. நரம்பு நசுங்கிக் கை சோர்ந்தவரும் உளர். இதற்கு மாற்றாக, அழுத்தத்தை அளந்து காற்றடைக்கும் பட்டியை அமெரிக்க வைத்தியர் குஷிங் 1904இல் வழங்கினார். எஸ்மார்க்கின் உதவியாளராக இருந்த பியர், 1908இல், குருதி வடித்த கையின் நாளத்தில் மருந்தைச் செலுத்தி, அக்கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்.

இன்றும் கடிகாரத்தைப் பார்த்தே கட்டு இறுக்கப்படுகிறது. இரண்டு மணி நேரத்தைக் கடத்தலாகாது என்பது பொது விதி. சீழோ புற்றுநோயோ உள்ளவிடத்திற் பட்டி சுற்றுவதையும் தவிர்ப்பர். பிழிந்தால் நஞ்சும் நோயணுக்களும் உடலினுள் ஏறக்கூடும். அப்பொழுது வைத்தியர் செய்வது யாது? கையை உயர்த்திப் பிடித்துச் சில நிமிடங்கள் பொறுத்திருக்கிறார். லிஸ்டர் காட்டிய எளிய வழி இன்னும் பழையதாகிவிடவில்லை.