சேமிப்புக் கணக்கும் கருத்தடை வளையமும்: நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து

முன்னுரை

மகப்பேறு முடிந்தவுடன் நீண்டகாலக் கருத்தடைச் சாதனம் பொருத்துவது அண்மைக்கால நடைமுறையாகக் கருதப்படுகிறது. ஆயினும், மகப்பேற்றையொட்டிய குடும்பநலப் பணி இந்திய மருத்துவமனைகளில் 1969ஆம் ஆண்டிலேயே தனித்திட்டமாகத் தொடங்கியது. அதையடுத்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. அவ்விரு வழிகளிலும் பெண்ணின் விருப்பம் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோட்டமும் தாய்மையும்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குழந்தைகள் காப்பகத்தையும் நிருவாகத்தின் கடமையாக்கியது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதிசெய்தது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஆதலின் தொழிலாளிக்கு உரிமையாக அமைந்த பேறுகால நலன், நிருவாகத்தின் கணக்கில் செலவாகப் பதிவாயிற்று.

சேமிப்புத் திட்டம்

இப்பின்னணியில், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர் சங்கமான ‘உபாசி’ 1971இல் நீலகிரியின் மூன்று தோட்டங்களில் சேமிப்புத் திட்டமொன்றைத் தொடங்கியது. இதன் கருத்தை முன்மொழிந்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ரொனால்டு ரிட்கர். கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கை கூடினால் சேமிப்பில் கழிவு உண்டு. பிள்ளைப்பேற்றுப் பருவம் கடந்த பின்னரே தொகை கைக்கு வரும். கருத்தடை முறையைத் தெரிவுசெய்வது பெண்ணின் உரிமையாக இருந்தது. ஆனால் வேலை தருபவரும் பணம் தருபவரும் தோட்ட மருத்துவமனையை நடத்துபவரும் ஒருவரே.

வளையம்

1965இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்த லிப்பிஸ் வளையம், உதிரப்போக்கு பற்றிய அச்சத்தாலும் பின்கவனிப்புக் குறைவாலும் செல்வாக்கிழந்தது. 2010ஆம் ஆண்டையொட்டி, மகப்பேற்றுக்குப் பின் காப்பர்-டி பொருத்தும் முறைக்கு அரசு புத்துயிர் அளித்தது. நஞ்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடங்களுக்குள்ளோ, மகப்பேற்றுக்குப் பின் 48 மணி நேரத்திற்குள்ளோ இதனைப் பொருத்தலாம். ‘காப்பர்-டி 380 ஏ’ 10 ஆண்டுகள் பயன்தரும். மருத்துவமனைக்கு மீண்டும் வருவதற்கு ஒருநாள் கூலியை இழக்க நேரும் தோட்டத் தொழிலாளிக்கு இது மெய்யான வசதி. எனினும், பிற காலங்களில் பொருத்துவதைவிடச் சாதனம் தானாக வெளியேறும் வாய்ப்பு இதில் மிகுதி என்பதால் பின்பரிசோதனை இன்றியமையாதது.

முடிவுரை

சேமிப்பும் வளையமும் நீண்டகாலம் செயல்படுபவை. இரண்டிலிருந்தும் விலகுவது பெண்ணின் கையில் மட்டும் இல்லை. சேமிப்பை இடையில் எடுக்க இயலாது. வளையத்தை அகற்ற மருத்துவப் பணியாளர் வேண்டும். ஆகவே, எத்தனை பெண்கள் ஏற்றனர் என்ற எண்ணிக்கை விருப்பத்தின் சான்றாகாது. பேறுகால வலியின்போது ஒப்புதல் கேட்பதைவிடக் கருவுற்ற மாதங்களிலேயே விளக்கிக் கேட்பது முறை. விலக விரும்பும் பெண்ணுக்குக் காரணம் கேளாது, அவள் வாழிடத்திற்கு அருகிலேயே சாதனத்தை அகற்றித் தருவதும் அவ்வொப்புதலின் பகுதியே. தோட்ட வரலாறு உணர்த்தும் அளவுகோல் இதுவேயாகும்.